இரண்டு முறை மேயர்



ஜெர்மனியில் ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைநகரம் வீஸ்பாடன். அந்த நகரத்தின் மேயர்கள் பட்டியலில் ஒரு பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. 1937 முதல் 1945 வரை எரிக் மிக்ஸ். 1954 முதல் 1960 வரை மறுபடியும் எரிக் மிக்ஸ். முதல் தடவை அவர் நாஜிக் கட்சிக்காரர், இரண்டாம் தடவை சுதந்திர ஜனநாயகக் கட்சிக்காரர். முதல் பதவிக் காலத்துக்கு முன்னாலும் அதன் நடுவிலும் அவர் போர் விமானி. முதல் உலகப் போரிலும் பறந்தார், இரண்டாம் உலகப் போரிலும் பறந்தார்.

சர்வாதிகாரம் ஒருவரை மேயராக்குவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சர்வாதிகாரம் விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு, சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாமன்றம் அதே மனிதரை அழைத்து அதே பதவியில் அமர்த்தியது. இது எப்படி நடந்தது? இன்று என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். மிக்ஸ் என்ற தனி மனிதரைவிட அவருக்கு வாக்களித்த கைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். வீஸ்பாடன் வெந்நீர் ஊற்றுகளின் ஊர். ரோமானியர் காலத்திலிருந்தே மக்கள் அங்கே நோய் தீர நீராட வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செல்வந்தர்களும் பிரபுக்களும் கோடைதோறும் வந்து தங்கினார்கள். 1865இல் தஸ்தயேவ்ஸ்கி அங்குள்ள சூதாட்ட மேசையில் கைப்பணம் முழுவதையும் தொலைத்துவிட்டு, விடுதிக் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் தவித்தார். ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் அந்த வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும்.

அந்த நூற்றாண்டில் அங்கே பிலிப் ஹோஃப்மன் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். கத்தோலிக்கர்களுக்குப் புனித போனிஃபாசியஸ் தேவாலயத்தைக் கட்டினார். நீரோபெர்க் குன்றின்மேல் பொன்மாடங்களோடு நிற்கும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கோயிலும் அவர் கட்டியதே. யூதர்களுக்காக மிஹெல்ஸ்பெர்க் என்ற இடத்தில் கீழைத்தேயப் பாணியில், பெரிய நடுமாடத்தோடு ஒரு ஜெப ஆலயத்தையும் எழுப்பினார். அது 1869இல் திறக்கப்பட்டது. மூன்று சமயத்தாரும் தங்கள் வழிபாட்டிடத்தை ஒரே கலைஞரின் கையில் ஒப்படைத்த ஊர் அது. அவற்றில் இரண்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். மூன்றாவதை ஏன் பார்க்க முடியாது என்பது மிக்ஸ் முதல் தடவை மேயராக இருந்த காலத்தின் கதை.

எரிக் மிக்ஸ் 1898இல் பிறந்தவர். அந்தத் தலைமுறை ஜெர்மன் இளைஞர்கள் பள்ளியிலிருந்து நேராகப் போர்க்களத்துக்குப் போனார்கள். பதுங்குகுழிச் சேற்றில் லட்சக்கணக்கானோர் பெயரில்லாமல் மடிந்துகொண்டிருந்தபோது விமானிகளுக்கு மட்டும் பெயர் இருந்தது. அவர்களுடைய படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாகி விற்றன. யார் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்று பத்திரிகைகள் கணக்கு வைத்து எழுதின. ரிக்ட்ஹோஃபன் என்ற பெயர் இன்றும் உலகெங்கும் தெரிவதற்கு அந்தக் கணக்கே காரணம். மிக்ஸ் அந்தப் புகழின் உச்சியில் இருந்தவர் அல்லர். 54ஆம் வேட்டை விமானப் பிரிவில் பறந்து, மூன்று விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கில் இடம்பெற்றார்.

போர் முடிந்தது. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது. வானத்தில் பறந்தவர்கள் தரையில் வேலை தேட வேண்டியதாயிற்று. சிலர் வித்தை காட்டும் விமானிகளானார்கள். ரிக்ட்ஹோஃபனின் படைப்பிரிவுக்குக் கடைசித் தளபதியாக இருந்த ஹெர்மன் கோரிங் நாஜி இயக்கத்தில் சேர்ந்து, பின்னாளில் ஹிட்லருக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தார். மிக்ஸ் படிப்பைத் தேர்ந்தெடுத்து முனைவர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் விமானப்படை ஆவணங்களிலும் ‘டாக்டர் மிக்ஸ்’ என்றே அவர் பெயர் வருகிறது. படித்தவர், முன்னாள் வீரர், நிர்வாகம் அறிந்தவர், கட்சி உறுப்பினர். 1930களின் ஜெர்மனியில் நகராட்சிகளைக் கைப்பற்றிக்கொண்டிருந்த கட்சிக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டியிருந்தது. தெருவில் இறங்கி அடிதடி செய்யும் ஆட்கள் அதனிடம் ஏராளமாக இருந்தார்கள். கோப்பு படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். 1933 வரை வீஸ்பாடன் மேயராக இருந்தவர் கியோர்க் க்ரூக்கே என்ற தாராளவாதி. நாஜிகள் அவரை விலக்கினார்கள். 1935 ஜனவரி 30ஆம் தேதி ஜெர்மனி முழுவதற்கும் ஒரே நகராட்சிச் சட்டம் வந்தது. அதன்படி மேயரை மக்களும் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றமும் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சியின் பிரதிநிதி பெயரை முன்மொழிவார், அரசு நியமிக்கும். முழுநேர மேயருக்குப் பதவிக் காலம் 12 ஆண்டுகள். மாமன்ற உறுப்பினர்கள் ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்க முடியாது. முடிவு மேயர் ஒருவருடையது, பொறுப்பும் அவர் ஒருவருடையதுதான். தலைவன் சொல்லே சட்டம் என்ற கொள்கையைக் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் கொண்டுவந்து சேர்த்த சட்டம் இது. மிக்ஸ் 1937இல் மேயரானது இந்தச் சட்டத்தின் கீழ். ‘மேயருக்கு என்ன அதிகாரம் இருந்தது பாவம், எல்லாம் பெர்லினில் முடிவானது’ என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அப்படிச் சொல்பவர்கள் இந்தச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த ஆண்டில் வீஸ்பாடனில் ஏறத்தாழ 2,700 யூதர்கள் வாழ்ந்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், துணிக்கடைக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், முதியோர். 1938 நவம்பர் 9 இரவும் மறுநாளும் ஜெர்மனி முழுவதும் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. மிஹெல்ஸ்பெர்க் ஆலயமும் நவம்பர் 10 அன்று எரிந்தது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு ஆபத்து இல்லாத இடங்களில் மட்டுமே தீ வைக்க வேண்டும் என்பது காவல் தலைமையிடமிருந்து போன கட்டளை. ஆகவே நாடெங்கும் தீயணைப்புப் படையினர் வந்து நின்று, பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டார்கள், ஆலயத்தை எரிய விட்டார்கள்.

தீயணைப்புப் படை அப்போது நகராட்சியின் துறை. அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது நகராட்சி, தண்ணீர் நகராட்சித் தண்ணீர். வெறிக்கூட்டம் தீ வைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம். தீயை அணைக்கத் தெரிந்தவர்கள், அணைக்கக் கருவி வைத்திருந்தவர்கள், அணைக்காமல் நின்றது மறுபாதி. ஒரு நகரத்தின் தலைமை நிர்வாகியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவென்று நான் நினைக்கிறேன். வானத்தில் அவர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பது அதற்கு எவ்வளவோ பின்னால் வர வேண்டியது.

அந்த இரவோடு நகராட்சியின் வேலை முடிந்துவிடவில்லை. நாஜி ஆட்சியில் யூதர்களின் வாழ்க்கை சிறிது சிறிதாகச் சுருக்கப்பட்டது பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகங்களின் கையால்தான். பிறப்புப் பதிவேட்டில் ஆணாக இருந்தால் ‘இஸ்ரேல்’, பெண்ணாக இருந்தால் ‘சாரா’ என்ற பெயரைக் கட்டாயமாகச் சேர்த்து எழுதியவர் பதிவு எழுத்தர். ஏழை யூதருக்கான உதவித்தொகையை நிறுத்தியது நலத்துறை. 1939 ஏப்ரலில் வந்த வாடகைச் சட்டம் யூதக் குடும்பங்களை அவர்கள் வீடுகளிலிருந்து கிளப்பி, குறிப்பிட்ட சில வீடுகளில் நெருக்கி அடைக்க உள்ளாட்சிகளுக்கு வழி செய்தது. வீஸ்பாடனிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. ஒரு காலத்தில் கோடைவாசிகள் தங்கிய அழகிய வீடுகளில் ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று முதியவர்கள் அடைபட்டார்கள். இந்தக் காகிதங்களில் ஒன்றிலாவது கோபமான ஒரு சொல் இருக்காது. முத்திரை, தேதி, கையொப்பம் மட்டும் இருக்கும்.

இனி விமானம். ரைன் நதிக்கரைப் பகுதியில் ஜெர்மன் படைகள் நிற்கக் கூடாது என்று இருந்த தடையை ஹிட்லர் 1936 மார்ச்சில் மீறினார். அதன் பிறகு வீஸ்பாடனின் எர்பன்ஹைம் பகுதியில், முன்பு குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடத்தில் உருவாகியிருந்த விமானத் தளத்துக்குப் போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் 53ஆம் வேட்டைப் படைப்பிரிவு என்று பெயர் பெற்ற பிரிவின் ஒரு பகுதி அங்கே இருந்தது. ஜெர்மன் விமானிகளில் மிகப் புகழ்பெற்றவர்களுள் ஒருவரான வெர்னர் மோல்டர்ஸும் அந்தத் தளத்திலிருந்து பறந்தவர்தான். மேயர் அலுவலகத்திலிருந்து சற்றுத் தூரத்தில் அந்த இயந்திரங்கள் ஓடுதளத்தில் உருண்டுகொண்டிருந்தன. 1939இல் போர் தொடங்கியபோது நாற்பதைத் தாண்டிய மேயர் ரிசர்வ் அதிகாரியாக அந்தப் படைப்பிரிவில் சேர்ந்து மறுபடியும் விமானத்தில் ஏறினார்.

இதை நான் மதிப்புக் குறைத்துச் சொல்லவில்லை. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் மெசெர்ஷ்மிட் 109 விமானத்தை, இருபது வயது இளைஞர்களின் கண்ணும் கையும் இல்லாமல், நாற்பத்தொரு வயதில் போருக்கு ஓட்டிப்போவதற்குத் துணிவு வேண்டும். 1940 மார்ச்சில் ரிக்ட்ஹோஃபனின் பெயர் தாங்கிய 2ஆம் வேட்டைப் படைப்பிரிவில் மூன்றாம் அணி உருவானபோது அதன் தளபதியாக மிக்ஸ் நியமிக்கப்பட்டார். அவருக்கு மேலே அந்தப் படைப்பிரிவை நடத்திய ஹாரி ஃபோன் ப்யூலோ-போத்காம்ப்பும் முதல் போரில் பறந்த பழைய விமானிதான். இரண்டு உலகப் போர்களிலும் எதிரி விமானங்களை வீழ்த்தியவர்கள் ஜெர்மனியில் மிகச் சிலரே. தியோ ஓஸ்டர்காம்ப், ப்யூலோ, மிக்ஸ் ஆகியோர் அந்தச் சிலரில் உண்டு. 1940 மே மாதத்தில் பிரான்சின் ரோய் பகுதியில் மிக்ஸின் விமானம் வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பித் தம் படையிடம் திரும்பி வந்தார். அந்த இலையுதிர்காலத்தில் அணியின் தலைமை இளையவர் ஒருவரிடம் போனது.

1942 ஆகஸ்டில் 1ஆம் வேட்டைப் படைப்பிரிவின் முழுத் தலைமையும் அவரிடம் வந்தது. வட கடலோரத்தையும் நெதர்லாந்தையும் காத்து நின்ற பிரிவு அது. 1943 ஜனவரி 27 அன்று அமெரிக்கக் கனரக விமானங்கள் முதன்முறையாக ஜெர்மன் மண்ணில் உள்ள இலக்கைத் தாக்கின. இலக்கு வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகம். எதிர்கொண்டது மிக்ஸின் தலைமையில் இருந்த படைப்பிரிவு. அதற்கு முன் இப்படியொரு எதிரியை அவர்கள் பார்த்ததில்லை. நெருங்கிய வரிசையில், எல்லாப் பக்கமும் துப்பாக்கிகளோடு பகல் வெளிச்சத்தில் வரும் நான்கு இயந்திர விமானங்களை எப்படி அணுகுவது என்பதை அங்கேயே, உயிரைப் பணயம் வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் மிக்ஸின் இடத்துக்கு ஹான்ஸ் ஃபிலிப் வந்தார், சில மாதங்களில் போரில் இறந்தார். மிக்ஸ் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் போர் விமானங்களை வழிநடத்தும் தலைமைப் பணிக்குப் போனார்.

விமானப்படை வரலாறுகளில் மிக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளைத்தான் விரித்து எழுதுவார்கள். எந்தத் தேதியில் எந்த விமானம், எந்த இயந்திரம், எந்த நிறப் பூச்சு என்று எல்லாமே இருக்கும். அதே தேதிகளில் அவருடைய நகரத்தில் என்ன நடந்தது என்பது அந்த நூல்களில் இராது. ஆகவே அவற்றை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

1942 ஜூன் 10 அன்று வீஸ்பாடனிலிருந்து நூற்றுக்கணக்கான யூதர்கள் ரயிலில் ஏற்றப்பட்டுக் கிழக்கே லுப்ளின் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயணம் சோபிபோர் கொலைமுகாமில் முடிந்தது. செப்டம்பர் 1 அன்று அடுத்த பெரிய கூட்டம் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அனுப்புவதற்கு முன் அவர்களை ஃப்ரீட்ரிஹ் தெருவில் எஞ்சியிருந்த ஜெப ஆலயத்தில் சேர்த்து வைத்தார்கள். ரயில் புறப்பட்ட இடம் நகரத்தின் இறைச்சிக்கூடத்துச் சரக்கு மேடை. ஆடு மாடுகளை இறக்குவதற்காக அமைத்த மேடை அது.

அப்போது மிக்ஸ் சீருடை அணிந்து வேறெங்கோ இருந்தார். நகர நிர்வாகத்தைத் துணை மேயர் கவனித்துக்கொண்டார். ‘அவர் ஊரிலேயே இல்லையே’ என்பது அவருக்காகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம். அதை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. நேரில் கையெழுத்திட்டவருக்கும் தொலைவில் இருந்தவருக்கும் வித்தியாசம் உண்டு, நீதிமன்றம் அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர் மேயர் பதவியை விட்டுப் போகவில்லை. பதவி 1945 வரை அவருடையதாகவே இருந்தது. போர்முனையில் இருந்தவருக்கு வீடு திரும்பியதும் உட்கார ஒரு நாற்காலி காத்திருந்தது. அந்த நாற்காலியின் பெயரால் அந்த ஆண்டுகளில் நடந்தவை அந்த நாற்காலிக்கு உரியவருக்குச் சேராமல் வேறு யாருக்குச் சேரும்? அதோடு 1938 நவம்பரில் போர் இன்னும் தொடங்கவில்லை. அப்போது போர்முனை என்று ஒன்று இல்லை.

1945 பிப்ரவரி தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் வீஸ்பாடனைக் கடுமையாகத் தாக்கின. மற்ற ஜெர்மன் நகரங்களோடு ஒப்பிட்டால் அந்த நகரம் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். மார்ச் 28 அன்று அமெரிக்கப் படை வந்தது. 1933இல் விலக்கப்பட்ட க்ரூக்கே மீண்டும் மேயரானார். அந்த இலையுதிர்காலத்தில் புதிய ஹெஸ்ஸே மாநிலம் பிறந்தது, வீஸ்பாடன் அதன் தலைநகரமானது. எர்பன்ஹைம் விமானத் தளத்தை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1948இல் சோவியத் முற்றுகையில் சிக்கிய பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் ஏற்றிப்போன விமானங்கள் அந்தத் தளத்திலிருந்தும் கிளம்பின.

போருக்குப் பின் அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்த பகுதியில் ஒவ்வொரு வயதுவந்த ஜெர்மானியரும் தம் கடந்த காலத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1946 மார்ச்சில் அங்கே வந்த சட்டம் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தது. முதல் வகை பெருங்குற்றவாளிகள், ஐந்தாம் வகை குற்றமற்றவர்கள், நான்காம் வகை வெறுமனே கூடச் சென்றவர்கள். உள்ளூர் மக்களைக் கொண்ட தீர்ப்பாயங்கள் ஒவ்வொருவருடைய வழக்கையும் விசாரித்தன. பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர், பழைய சக ஊழியர் என்று பலரும் நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தார்கள். தொடக்கத்தில் கடுமையாக இருந்த தீர்ப்புகள் நாளாக நாளாக இளகின. பெருந்திரளான வழக்குகள் அந்த நான்காம் வகையில் போய்ச் சேர்ந்தன. 1951இல் கூட்டாட்சி நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1945இல் வேலை இழந்த அரசு ஊழியர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பணியும் ஓய்வூதியமும் திரும்பப் பெறும் உரிமையைக் கொடுத்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. எல்லாக் கட்சிகளும் வாக்காளர்களை எண்ணிப் பார்த்தன; அந்த வாக்காளர்களில் முன்னாள் நாஜிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

ஹெஸ்ஸேயில் சுதந்திர ஜனநாயகக் கட்சி இதை எல்லோரையும்விட வெளிப்படையாகச் செய்தது. ஆகுஸ்ட் மார்ட்டின் ஆய்லர் தலைமையில் அந்த மாநிலக் கிளை தேசியவாதத்தின் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. நாஜி நீக்கத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள் என்பது அதன் உரத்த கோரிக்கை. 1950 மாநிலத் தேர்தலில் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகளின் கட்சியோடு சேர்ந்து அது 31.8 சதவீத வாக்குகளை வாங்கியது. அதுவரை தாராளவாதிகள் காணாத வெற்றி அது. முன்னாள் அதிகாரிகளும் முன்னாள் படைத் தளபதிகளும் மனக்கூச்சம் இல்லாமல் நுழைந்து அமரக்கூடிய கட்சியாக அது மாறியது. மிக்ஸ் அந்தக் கட்சியின் பெயரில்தான் திரும்பி வந்தார்.

1954. இம்முறை சட்டம் வேறு. 1952ஆம் ஆண்டு ஹெஸ்ஸே நகராட்சிச் சட்டப்படி மேயரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றம். மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே 1990களில்தான் வந்தது. மேயர் தனியாக ஆள்வதும் இல்லை, ஒரு நிர்வாகக் குழுவின் தலைவராக, மற்றவர்களோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். 1937இல் ஒரே ஆள் முடிவெடுக்கும் ஆட்சியில் அமர்ந்தவர், இப்போது வாக்குப் பெட்டி வழியாகக் கூட்டுப் பொறுப்புக்கு வந்தார். ஒரு மனிதர் மாறலாம், ஜனநாயகம் அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நாட்டில் அப்போது ஆட்சி நடத்த ஆளே கிடைத்திருக்காது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். முன்னாள் நாஜி ஒரு அஞ்சல் அலுவலகத்தில் வேலை செய்வதை நான் எதிர்க்கமாட்டேன். அவர் ஆசிரியராவதில் எனக்குத் தயக்கம் உண்டு, இருந்தாலும் விவாதிக்கலாம். ஜெப ஆலயம் எரிந்தபோது மேயராக இருந்தவர் அதே ஊரில் மறுபடியும் மேயராவது இவற்றோடு சேராது.

அந்த ஊரில் உயிர் தப்பியவர்கள் இருந்தார்கள். 1946 இறுதியில் ஃப்ரீட்ரிஹ் தெருவின் சிறிய ஜெப ஆலயத்தில் ஒரு யூத சமூகம் மறுபடியும் கூடத் தொடங்கியது. கிழக்கேயிருந்து வந்த அகதிகளும், முகாம்களிலிருந்து திரும்பிய சிலரும் அதில் இருந்தார்கள். ஒரு பிறப்புச் சான்றுக்கோ வீட்டு அனுமதிக்கோ அவர்கள் போக வேண்டிய நகராட்சி அலுவலகத்தின் தலைவராக, தங்கள் ஆலயம் எரிந்த நாளில் இருந்தவரே மறுபடியும் இருந்தார். வாக்களித்த மாமன்ற உறுப்பினர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்க்காரர்கள். மிக்ஸ் யார், எந்தக் கட்சியில் இருந்தார், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய செய்தி இல்லை. மேயராக எட்டு ஆண்டுகள் இருந்தவரின் கடந்த காலத்தை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டியதில்லை. நாஜி வரலாறு மறைக்கப்பட்டது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். வீஸ்பாடனில் மறைக்கப்படவில்லை. எல்லோரும் அறிந்தே செய்தார்கள். மறைத்ததைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது.

அனுபவம் என்ற சொல் அந்தக் காலத்தில் பெரிய மந்திரமாக இருந்தது. இடிந்த வீடுகளைக் கட்ட வேண்டும், அகதிகளுக்கு இடம் தர வேண்டும், வரவு செலவைச் சீர்செய்ய வேண்டும், ஆகவே நிர்வாகம் அறிந்தவர் வேண்டும் என்றார்கள். மிக்ஸின் இரண்டாம் ஆட்சிக் காலத்தில் நகரம் வளர்ந்ததும் உண்மைதான். பொருட்காட்சிகளுக்கும் மாநாடுகளுக்கும் உரிய ரைன்-மைன் அரங்கம் 1957இல் எழுந்தது. அமெரிக்க விமானப்படையின் ஐரோப்பியத் தலைமையகம் அங்கே இருந்ததால் ஊரில் பணப்புழக்கமும் இருந்தது. பொருளாதார அற்புதத்தின் ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியின் ஏறத்தாழ எல்லா நகரங்களும் இப்படித்தான் வளர்ந்தன, முன்னாள் நாஜி மேயர் இல்லாத நகரங்களும்.

அந்த ஆண்டுகளின் வீஸ்பாடனை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைமையகம் 1950களில் அங்கே அமைந்தது. அதன் உயர் அதிகாரிகளில் பெரும் பகுதியினர் நாஜிக் காலக் காவல்துறையிலும் எஸ்எஸ் அமைப்பிலும் இருந்தவர்கள் என்பதை அந்தத் துறையே 2007 முதல் தன் வரலாற்றை ஆராய்ந்தபோது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஃபிராங்க்ஃபர்ட். 1956இல் அங்கே ஹெஸ்ஸேயின் தலைமை அரசு வழக்கறிஞராக ஃபிரிட்ஸ் பவர் பொறுப்பேற்றார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், சமூக ஜனநாயகவாதி, 1933இல் முகாமில் அடைக்கப்பட்டு, பின்பு டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் தப்பிப் போய்த் திரும்பி வந்தவர். யூதர்களை ரயிலேற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குபடுத்திய ஐஹ்மன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருக்கிறான் என்ற தகவல் 1957இல் அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தம் நாட்டுக் காவல்துறையிடம் கொடுக்கவில்லை, இஸ்ரேலுக்குச் சொல்லி அனுப்பினார். சொந்த நாட்டு அலுவலகங்களிடம் கொடுத்தால் ஐஹ்மனுக்கு எச்சரிக்கை போய்விடும் என்று அவர் அஞ்சினார். ஒரு மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தம்மைச் சுற்றியிருந்த அலுவலகங்களை நம்ப முடியாமல் போனதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். அந்த மாநிலத் தலைநகரின் மேயர் அப்போது யார் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

பவரும் மிக்ஸும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டுகளில், ஒரே அரசமைப்பின் கீழ்ப் பதவியில் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் முதல் இருபது ஆண்டுகள் எப்படி இருந்தன என்று என்னிடம் கேட்டால் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

1960இல் மிக்ஸின் பதவிக் காலம் முடிந்தது. அவருக்குப் பின் மேயரானவர் கியோர்க் பூஹ். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். நாஜி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டுத் துன்பப்பட்டவர். தீயில் எரிந்த ஆலயத்தின் காலத்து மேயருக்கும், அந்த ஆட்சியின் சிறையில் கிடந்தவருக்கும் இடையே பதவி கைமாறியது எந்தச் சடங்குமின்றி, சாதாரணமாக நடந்தது. பூஹ் 1968 வரை மேயர், ஹெஸ்ஸே சட்டமன்றத்தின் தலைவராகவும் 1966 முதல் 1974 வரை இருந்தார். மிக்ஸும் சுதந்திர ஜனநாயகக் கட்சியின் சார்பில் அந்தச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1971இல் வீஸ்பாடனில் காலமானார்.

ஹெஸ்ஸே சட்டமன்றம் தன் முன்னாள் உறுப்பினர்களின் நாஜிக் கடந்த காலத்தை ஆராயத் தொடங்கியது 2010களில்தான். மிஹெல்ஸ்பெர்க்கில், ஆலயம் இருந்த இடத்தில் 2011 ஜனவரி 27 அன்று ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. கொல்லப்பட்ட 1,500க்கும் மேற்பட்ட வீஸ்பாடன் யூதர்களின் பெயர்கள் அங்கே சுவரில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த வேலையைச் செய்ய நகரத்துக்கு அறுபத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். 1954இல் மாமன்றத்தில் விழுந்த வாக்குகளை அந்தக் காரணங்களில் ஒன்றாக நான் வைக்கிறேன். எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை அந்த வாக்குகள் அந்த ஊருக்கு அன்றே சொல்லிவிட்டன. அதன் பிறகு பள்ளியில் ஆசிரியர் நவம்பர் 1938ஐப் பற்றிச் சொல்ல விரும்பினால் ‘அப்போது மேயராக இருந்தவர் யார்?’ என்று ஒரு மாணவன் எழுந்து கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஆசிரியருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிவை ஒரு ஏழை ஆசிரியரிடம் கேட்டது நியாயமில்லை. கைதூக்கி வாக்களித்த மாமன்ற உறுப்பினர்களிடம்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.